பழைய ஃபோர் வீல் டிரைவில் முன்பக்க புஷ் மாற்றியும் ஆறே மாதத்தில் மறுபடி சத்தம். மெக்கானிக் ஆர்மையே மாற்றச் சொல்கிறார், மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். சக்கரத்தைச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இணைக்கிற இரும்புக் கைதான் ஆர்ம்; அது அசைகிற மூட்டில் உட்காரும் ரப்பர் உருளைதான் புஷ். போன தடவை புஷ் போட்டபோது போல்ட்டை எந்த நிலையில் முறுக்கினார்கள் என்று முதலில் கேளுங்கள். வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கியிருந்தால், ஆர்ம் மேல் ஒரு குற்றமும் இல்லை.

என்னிடம் இருப்பது 2004 மாடல் டாடா சஃபாரி. முன்னால் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலொன்று கீழொன்றாக இரண்டு ஆர்ம்; சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார், முறுக்கேறி ஸ்பிரிங் வேலை செய்கிற இரும்புத் தண்டு. வீடு சென்னை வேளச்சேரியில், ரோட்டைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டாம். ஸ்பீடு பிரேக்கரில் இறங்கினால் 'டொக்', பிரேக் மிதித்தால் இடது பக்கம் இழுப்பு, முன் டயர் இரண்டும் உள் ஓரம் மட்டும் வழுக்கை. அலைன்மென்ட் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒரு பட்டறையில் விட்டேன். எட்டு புஷ்ஷும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு முன் செய்த வேலை. பங்குனி வெயிலுக்குள் 'டொக்' திரும்பிவிட்டது. "புஷ் டூப்ளிகேட் சார், ஆர்ம் செட்டா மாத்திடலாம்" என்றார் பட்டறைக்காரர். அந்த புஷ்ஷை வாங்கிவந்ததே அவர்தான்.

கடுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கீழ் ஆர்மைக் கழற்றி, மறுநாள் புதுப்பேட்டையில் ஒரு லேத் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் ஆர்மை வைஸில் பிடித்தார். புஷ்ஷின் நடுக் குழாயில் ஒரு போல்ட்டை விட்டு, நட்டு போட்டு இறுக்கி, ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பினார். ரப்பர் மீன் செவுள் மாதிரி வாயைத் திறந்தது. எதிர்ப்பக்கம் திருப்பினால் மூடிக்கொண்டது. எல்லாக் கிழிசலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. "தொங்க வுட்டே டைட் பண்ணிக்கிறாங்க தம்பி. புஷ்ஷு இன்னா பண்ணும்?" என்றார்.

விஷயம் இதுதான். இந்த வகை புஷ்ஷில் வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஒரு குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒட்டி வார்த்த ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள் குழாய் சேஸிஸோடு இறுகிவிடும், சுற்றாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியைக் கீழே இறக்கியதுமே அது பாதி முறுக்கேறிவிடும். வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதுகூட, ஈரத்துணியைப் பிழிந்து அப்படியே பிடித்திருப்பது போலத்தான். அதற்கு மேல் ஒரு பள்ளத்தில் விழுந்தால் கிழியாமல் என்ன செய்யும்?

இரண்டாவது முறை நான் செய்தது இப்படி. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்மைக் கழற்றுவதற்கு முன்பே சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து, இரண்டு பக்கமும் எழுதி வைத்தேன். டார்ஷன் பார் அட்ஜஸ்ட் போல்ட்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி, பெயின்ட் வைத்தேன். பாரை லூஸ் செய்யாமல் ஆர்மைத் தொடாதீர்கள். அதில் தேங்கியிருக்கும் விசை கையை முறித்துவிடும். வண்டி நிற்க வேண்டியது சேஸிஸுக்கு அடியில் வைத்த ஆக்சில் ஸ்டாண்டில். ஜாக்கியையும் நம்பக் கூடாது, நம் ஊரில் எங்கும் கிடக்கிற ஹாலோ பிளாக்கையும் நம்பக் கூடாது. பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

பழைய புஷ்ஷை எடுப்பதும் புதிதைப் போடுவதும் லேத் கடை பிரஸ்ஸில்தான். சுத்தியல் வேண்டாம், ஓரம் மடங்கிவிடும். வழுக்க சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்.

திரும்ப மாட்டும்போது எல்லா புஷ் போல்ட்டையும் கையால் முடிகிற அளவுக்கு மட்டும் இறுக்கி, வண்டியை இறக்கி, நாலடி முன்னும் பின்னும் உருட்டினேன். டேப் பிடித்துப் பழைய உயரத்துக்கு டார்ஷன் பாரைச் சரிசெய்தேன். அதற்குப் பிறகுதான், நாலு சக்கரமும் தரையில் நிற்க, பாய் விரித்து அடியில் படுத்து, மேனுவலில் போட்டிருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால், அதாவது இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால், முறுக்கினேன். சஃபாரி உயரமான வண்டி என்பதால் அடியில் நுழைய முடிந்தது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முறுக்கிவிட்டு உயரத்தை மாற்றினால் பழைய தப்புதான் வேறு ரூபத்தில் வரும். அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

புஷ் ஜிபி ரோட்டில் வாங்கினேன். பழசைக் கையில் கொண்டுபோய் அளவு பாருங்கள். பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்லியும் ஆசை காட்டுவார்கள். அதில் உள் குழாய் தனியாகச் சுற்றும், ஆகவே இந்த முறுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் சிலிக்கான் கிரீஸ் வற்றினால் பழைய கதவு போலக் கிரீச்சிடும், ரோட்டின் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கில் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டுகிற எனக்கு ரப்பரே சரி.

ஆர்மை மாற்றத்தான் வேண்டும் என்பது எப்போது? புஷ் உட்காரும் கண் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால், துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தால், அல்லது ஆர்மோடு சேர்ந்தே வருகிற பால் ஜாயின்ட் (ஆர்ம் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டு) போயிருந்தால். டார்ச்சும் ஒரு நெம்புகோலும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

ஒன்று விட்டுப்போச்சு. எதையும் கழற்றுவதற்கு முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, யாரையாவது முன்பக்கத்தை அமுக்கி ஆட்டச் சொல்லி, ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் கம்பியைப் பிடித்திருக்கிற, சின்ன ரப்பர் வைத்த இணைப்பு) மேல் கை வைத்துப் பாருங்கள். 'டொக்' கையில் தட்டினால் தேய்ந்தது அந்தச் சின்ன ரப்பர்தான்; அரை மணி நேர வேலை.