இடது காலால் உதைக்கும்போது உடம்பு எந்தக் காலில் நிற்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. கால்பந்து என்றால் உயிர். மூன்று வாரத்துக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தொடை வரை மாவுக்கட்டு. ஸ்பெயின் வீரர் டேவிட் வில்லாவுக்கும் சின்ன வயதில் வலது கால் முறிந்ததாம். கட்டுப் போட்டிருந்த நேரத்தில் அவருடைய அப்பா இடது காலால் உதைக்கப் பழக்கினாராம். இதைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் சாயங்காலமானால் பையனை ஊன்றுகோலோடு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் இடது காலால் பந்தை உதைக்கச் சொல்கிறார். பையனும் ஆசையாகத்தான் போகிறான். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இதைச் செய்யலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வகுப்பிலேயே இவன்தான் குட்டை. வில்லா எவ்வளவு உயரம்?
— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மொட்டைமாடிப் பயிற்சியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரரின் ஆசையில் தப்பு இல்லை, அவர் கேள்விப்பட்ட கதையும் உண்மைதான். ஆனால் கதையில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. இடது காலால் பந்தை உதைக்க வேண்டுமென்றால் அந்த நொடியில் உடம்பு முழுக்க வலது காலில் நிற்க வேண்டும். சும்மா நிற்பது மட்டுமல்ல, இடுப்பு திரும்பும்போது அந்த முறுக்கையும் வலது கால்தான் தாங்க வேண்டும். உங்கள் பையனுக்கு முறிந்திருப்பது அந்தக் கால்தான்.

மூன்றாவது வாரத்தில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு ஊறத் தொடங்கியிருக்கும், ஆனால் இறுகியிருக்காது. இந்த நிலையில் முறுக்கு விழுந்தால் சேர்ந்து வரும் எலும்பு விலகலாம். லேசாக ஒரு பக்கம் சாய்ந்து கூடினால் வளரும் வயதில் அது பெரும்பாலும் தானே சரியாகும். திருகிக் கூடினால் அப்படித் தானாகச் சரியாகாது, பாதம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியபடியே நின்றுவிடும். ஊன்றுகோல் தாங்குமே என்று தோன்றலாம். உதைக்கும் வேகத்தில் ஊன்றுகோல் வழுக்கினால் பிள்ளை அனிச்சையாக வலது காலைத்தான் தரையில் ஊன்றும்.

இப்போது வில்லாவின் கதைக்கு வருவோம். முழுசாகத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுக்காரருக்கே அதில் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் என்ற நிலக்கரிச் சுரங்கச் சீமை. அங்கே லாங்ரேயோவை ஒட்டிய துயியா என்ற சின்ன ஊரில் 1981 டிசம்பர் 3 அன்று பிறந்தவர் வில்லா. அந்த ஊர்க்காரர்கள் 'வியா' என்றுதான் சொல்வார்கள். அப்பா சுரங்கத் தொழிலாளி. நாலு வயதில் பையனுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. கட்டோடு இருந்தவனை அப்பா இடது காலால் பந்தைத் தொட வைத்தார். பந்தைப் போடுவது, திரும்ப வாங்குவது, மறுபடி போடுவது என்று கட்டுப் பிரித்த பிறகும் வருஷக்கணக்காக அது நடந்தது. அவருடைய இடது கால் தேறியது அந்த வருஷங்களில்தான். கட்டுப் போட்டிருந்த சில வாரங்கள் வெறும் தொடக்கம்.

அவருடைய பட்டப்பெயர் 'எல் குவாஹே'. அஸ்தூரிய மொழியில் 'பொடியன்' என்று பொருள். சுரங்கத்தில் பெரிய ஆட்களுக்கு எடுபிடியாகப் போகும் பையனுக்கும் அதே பெயர்தான். பக்கத்து நகரமான ஒவியேதோவின் கிளப், ஆள் குட்டை என்று சொல்லி அவரை எடுக்கவில்லை. லாங்ரேயோவில் ஆடிவிட்டுப் பிறகு ஹிஹோன் நகரத்தின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் சேர்ந்தார். அங்கே இரண்டாம் டிவிஷனில் 2001-02இல் 18 கோல், அடுத்த சீசனில் 20 கோல். 2003இல் சரகோசா, 2005இல் வலென்சியா, 2010இல் 4 கோடி யூரோவுக்கு பார்சிலோனா, 2013இல் அத்லெதிகோ மத்ரித். அதன்பின் நியூயார்க்கில் ஆடி 2016இல் அமெரிக்காவின் எம்எல்எஸ் லீகின் சிறந்த வீரர் விருது வாங்கினார். கடைசியாக ஜப்பானின் விஸ்ஸல் கோபே.

நாட்டுக்காக 98 ஆட்டங்களில் 59 கோல். ஸ்பெயின் ஆண்கள் அணியில் அதற்கு மேல் அடித்தவர் யாரும் இல்லை. 2011 மார்ச் 25 அன்று கிரனாதாவில் செக் குடியரசுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு, முன்னாள் ஸ்பெயின் வீரர் ராவுல் வைத்திருந்த 44 கோல் சாதனையைத் தாண்டினார். உலகக் கோப்பைகளில் மட்டும் 9 கோல், ஸ்பெயினுக்கு அதுவும் சாதனை. 2006இல் 3, ஸ்பெயின் கோப்பையை வென்ற 2010இல் 5, 2014இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் குதிகாலால் தட்டிவிட்ட ஒன்று.

2010 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிரான கோலைப் பாருங்கள். முதலில் இடது காலால் அடிக்கிறார், கோல்கீப்பர் தடுக்கிறார். திரும்பி வந்த பந்தை அடுத்த நொடியே வலது காலால் மேல்வலையில் ஏற்றுகிறார். வலது காலுக்குப் பந்தை மாற்றிக்கொண்டுதான் அடிப்பேன் என்று முதல் வாய்ப்பிலேயே நின்றிருந்தால் தடுப்பாட்டக்காரர் வந்து விழுந்திருப்பார், இரண்டாவது வாய்ப்பே வந்திருக்காது. ஸ்ட்ரைக்கருக்கு, அதாவது முன்னால் நின்று கோல் அடிப்பவருக்கு, இரண்டு காலும் வேண்டும் என்பது இந்த அரை நொடிக்காகத்தான். அந்த ஆட்டத்தில் ஸ்பெயின் 1-0 என்று ஜெயித்தது.

உங்கள் வீட்டுக்காரர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது வில்லாவின் இரண்டாவது முறிவு. 2011 டிசம்பரில் ஜப்பானின் யோகஹாமாவில் கிளப் உலகக் கோப்பை அரையிறுதி. அதில் அவருடைய இடது கணைக்கால் எலும்பு, அதாவது உங்கள் பையனுக்குப் போலவே முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு, முறிந்தது. ஆறு மாதத்தில் ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை, யூரோ 2012. ஸ்பெயினின் முதல் ஸ்ட்ரைக்கர் அவர், வயது 30, பயிற்சியாளர் தெல் போஸ்கே கடைசிவரை காத்திருக்கத் தயாராக இருந்தார். உடம்பு முழுசாகத் தயாராகவில்லை என்று வில்லாவே மே மாதம் விலகிக்கொண்டார். அவர் இல்லாமலேயே ஸ்பெயின் கோப்பையை வென்றது. ஆகஸ்டில் ரியல் சொசியெதாதுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அன்றே கோல் அடித்தார். இடையில் எட்டு மாதம். உலகத்தின் நல்ல டாக்டர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் கூடவே இருந்தும் எட்டு மாதம்.

சரி, பையன் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். அடுத்த பரிசோதனையில் எலும்பு டாக்டரிடம், "உட்கார்ந்தபடி இடது காலால் பந்தை உருட்டலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்.

கைப்பிடி வைத்த, நகராத நாற்காலி ஒன்று. வலது காலை இன்னொரு நாற்காலியில் தலையணை வைத்து நீட்டிவிடுங்கள். வலதுபக்கம் சுவரோ கட்டிலோ இருக்கட்டும், அப்போதுதான் தவறிய பந்து மாவுக்கட்டில் வந்து மோதாது. இடது கால் வெறுங்கால். காற்றுக் கொஞ்சம் குறைவாக அடித்த லேசான பந்து போதும். முதலில் பாதத்துக்கு அடியில் வைத்து முன்னும் பின்னும் உருட்டட்டும், பிறகு பக்கவாட்டில். நாலைந்து நாள் கழித்து அப்பா 2 மீட்டர் தள்ளித் தரையில் உட்கார்ந்து பந்தைக் கையால் உருட்டிவிட, பையன் பாதத்தின் உள்பக்கத்தால் நிறுத்தித் திருப்பித் தள்ளட்டும். காலால் உதைத்துவிடக் கூடாது, கையால் உருட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 10 நிமிஷம், நாளைக்கு இரண்டு தடவை. இடுப்பைத் தூக்கி எழ ஆரம்பித்தான் என்றால் அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் கால்விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, குறைந்துகொண்டு வந்த வலி கூடினாலோ, கட்டுக்குள்ளிருந்து கெட்ட வாடை வந்தாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அரிக்கிறது என்று ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிய விடாதீர்கள். உள்ளே தோல் கிழிந்து புண்ணானால் வெளியே தெரியாது. யார் என்ன சொன்னாலும் கட்டைப் பாதியில் பிரித்து எண்ணெய்க் கட்டு போட வேண்டாம்.

கட்டுப் பிரித்ததும் வலது கால் சூம்பிப்போய் இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். வாரக்கணக்கில் வேலை செய்யாத தசை அப்படித்தான் மெலியும். முழங்காலும் கணுக்காலும் விறைப்பாக இருக்கும். முழுசாக ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் பந்துக்கு முன்னால் மூன்று பரீட்சை வையுங்கள். நொண்டாமல் நடக்க வேண்டும். வலது காலில் மட்டும் 30 விநாடி தள்ளாடாமல் நிற்க வேண்டும். அதே காலில் பத்து முறை, வலியில்லாமல், இடது காலில் தாண்டும் உயரத்துக்கு நொண்டித் தாண்ட வேண்டும். மூன்றும் ஆன பிறகுதான் நின்றபடி இடது காலால் உதைக்கலாம்.

அப்போது 5 மீட்டரில் ஆரம்பியுங்கள். நின்ற பந்து, பாதத்தின் உள்பக்கம். ஊன்றும் வலது கால் பந்துக்கு நேர் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, விரல் நுனி பந்து போக வேண்டிய திசையைப் பார்த்து இருக்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். உதைக்கும் கணுக்கால் தொளதொளவென்று ஆடாமல் இறுகியிருக்கட்டும். ஒரு நாளைக்கு 50 பாஸ். கோணலாகப் போகும் பந்துக்கு எல்லோரும் இடது காலைத்தான் திட்டுவார்கள், தப்பு பெரும்பாலும் ஊன்றும் காலில்தான் இருக்கும். அது பந்துக்குப் பின்னால் விழுந்தால் உடம்பு மல்லாந்து பந்து மேலே எழும்பும். ரொம்ப ஒட்டி விழுந்தால் இடது காலை வீச இடமில்லாமல் விரல் நுனியால் குத்துவான். 50க்கு 40 நேராகப் போனால் 8 மீட்டர், பிறகு 12. அதன்பின் ஓடிவரும் பந்து. ஷூலேஸ் பக்கத்தால் ஓங்கி அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. இடது காலால் பந்தை நிறுத்தி இடது காலாலேயே கொடுக்கும் பழக்கத்தையும் கூடவே சேருங்கள். வலது காலைத் தொடவே கூடாது என்று தடை போடாதீர்கள், பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கு இடது காலுக்கு இருந்தால் போதும்.

உயரம் கேட்டிருந்தீர்கள். வில்லா 1.75 மீட்டர். 10 வயதில் குட்டையாக இருப்பதை வைத்து 18 வயதில் எப்படி இருப்பான் என்று சொல்ல முடியாது, சில பிள்ளைகள் தாமதமாகத்தான் நெடுநெடுவென வளர்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுவரில் அளந்து குறித்து வையுங்கள். ஒரு வருஷத்தில் 4 சென்டிமீட்டர்கூட வளரவில்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கட்டோடு இருக்கும் இந்த நாட்களில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பார்க்க ஒரு கோல் சொல்கிறேன். 2010 ஜூன் 25, பிரிட்டோரியா, சிலிக்கு எதிரான ஆட்டம், 24ஆம் நிமிடம். ஸ்பெயினின் டோரஸைத் தடுக்க சிலி கோல்கீப்பர் பிராவோ கோலை விட்டு வெளியே ஓடிவந்து சறுக்கிப் பந்தைத் தள்ளுகிறார். அது இடதுபக்கம் வந்துகொண்டிருக்கும் வில்லாவிடம் போகிறது. நிறுத்தவில்லை, வலது காலுக்கு மாற்றவும் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து இடது காலால் ஒரே அடி, காலி கோலுக்குள் பந்து வளைந்து இறங்குகிறது. முதல் தடவை பையன் பந்தைப் பார்க்கட்டும். இரண்டாம் தடவை மெதுவாக ஓட்டி, பந்தைத் தொடும் நொடியில் நிறுத்தி, வில்லாவின் வலது கால் தரையில் எப்படி ஊன்றியிருக்கிறது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்கட்டும்.