கமான் பட்டை கொத்து வெல்டிங் ஓரத்துலயே உடையுதா?

கொத்துக் கலப்பையில மண்ணை கிளறுற கொத்து காலை பிரேம்ல நேரா வெல்டிங் வைக்காதீங்க, ரெண்டு யூ போல்ட்டும் 12 எம்எம் தகடும் போட்டு கிளாம்ப் பண்ணுங்க. லாரி கமான் பட்டைல (லாரிக்கு அடியில இருக்கற ஸ்பிரிங் பட்டை) செஞ்ச அஞ்சு கொத்துல மூணு ஒரே நாள்ல போச்சுன்னு சொன்னீங்கள்ல, வெல்டிங் ராடு மாத்தினா மட்டும் அது நிக்காது.

கமான் பட்டைல கார்பன் 0.5, 0.6 சதவீதம் வரும், சாதா ஆங்கிள் இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல. வெல்டிங் சூட்டுல சிவந்து சட்டுனு ஆறும்போது வெல்டிங் தையல் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிடும், அதுல கல்லு தட்டினா பட்டுனு போகும். ஆறட்டும்னு தண்ணி ஊத்தியிருந்தா இன்னும் மோசம்.

உடைஞ்ச முகத்தை பாருங்க, வளைவே இல்லாம தட்டையா சர்க்கரை மாதிரி மினுங்குதா? அப்புறம் தையல் ஓரத்துல அரம் போட்டு பாருங்க, கடிக்காம வழுக்கினா இதுதான் காரணம்.

வெல்டிங்தான் வேணும்னா பட்டைய கிரைண்டர்ல பளபளன்னு தேச்சு, தேச்ச இடம் நீலமா மாறற வரைக்கும் சூடு பண்ணி (300 டிகிரி கிட்ட), நல்லா காய வச்ச 7018 ராடுல (ஹைட்ரஜன் கம்மியான வெல்டிங் ராடு) ஓட்டி, உடனே காஞ்ச சாம்பல்ல புதைச்சு ராத்திரி முழுக்க விடுங்க.

ஒண்ணு மட்டும், காயலான் கடை பட்டைல நடு ஓட்டை பக்கம் முடி மாதிரி விரிசல் ஏற்கனவே இருக்கலாம், மண்ணெண்ணெய் தடவி துடைச்சிட்டு சாக்பீஸ் பூசினா கோடு தெரியும். அந்த துண்டை எடுக்காதீங்க, தெறிச்சா ஆளை அடிக்கும்.