பொண்ணு ஈர்ப்பு அலை படிக்கணும்ங்கறா, சோறு போடுமா சார்?

சார், உங்க மெசேஜ் பார்த்தேன். பொண்ணு +2, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், மார்க்கும் நல்லா வருது, வீட்ல எல்லாரும் சிஎஸ்இ-ன்னு முடிவு பண்ணி வச்சிருக்கற நேரத்துல அவ வந்து ஈர்ப்பு அலை படிச்சு பிரபஞ்சம் எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு பார்க்கப் போறேன்னு நிக்கறா. இது சோறு போடுமான்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்விதான். ஆனா அவ எதப் பத்திப் பேசறான்னு உங்களுக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், அதனால அதையும் சேர்த்தே சொல்றேன்.

ரெண்டு கருந்துளை ஒண்ணையொண்ணு சுத்தி மோதுனா அந்த இடவெளியே லேசா நீண்டு சுருங்கும், அந்த அதிர்வு ஒளி வேகத்துல பரவும், அதுதான் ஈர்ப்பு அலை. ஐன்ஸ்டீன் 1916-ல கணக்கு போட்டு சொன்னது, அமெரிக்காவுல லைகோ கருவியில மாட்டுனது 2015 செப்டம்பர் 14-ல. சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரத்துல நடந்த மோதல், இங்க வரும்போது 4 கிலோமீட்டர் நீளக் குழாய்ல புரோட்டானை விட நூத்துக்கணக்கான மடங்கு சின்ன அசைவாத்தான் இருந்துச்சு, அதைப் போய் அளந்திருக்காங்க! 2017 நோபல் பரிசு இதுக்குத்தான்.

பிரபஞ்சத்தோட ஆரம்பம் இதுல எங்க வருதுன்னா, முதல் 3 லட்சத்து 80 ஆயிரம் வருஷம் ஒளி நேரா பயணம் பண்ண முடியாத அளவுக்கு எல்லாம் சூடா, கலங்கலா இருந்துச்சு. எவ்ளோ பெரிய டெலஸ்கோப் வச்சாலும் ஒளியை வச்சு அதுக்கு முன்னாடி பார்க்க முடியாது. ஊட்டி மலைப்பாதையில பனி இறங்கிட்டா ஹெட்லைட் போட்டும் ஒண்ணும் தெரியாது, ஆனா எதிர்ல வர்ற பஸ்ஸோட ஹாரன் கேக்கும்ல, அந்த மாதிரி ஈர்ப்பு அலை அந்தக் கலங்கலைத் தாண்டி வந்துடும். பெருவெடிப்பு நடந்த கையோட கிளம்புன அலைகூட இன்னும் சுத்திக்கிட்டு இருக்கணும்.

இருக்கணும், அவ்ளோதான். இன்னும் யாரும் பிடிக்கல. 2014 மார்ச்ல தென் துருவத்துல இருந்த பைசெப்2 டெலஸ்கோப் குழு அதோட தடயம் கிடைச்சிருச்சுன்னு அறிவிச்சு உலகமே கொண்டாடுச்சு, அடுத்த வருஷமே பிளாங்க் செயற்கைக்கோள் டேட்டாவோட சேர்த்துப் பார்த்தா நம்ம பால்வெளி தூசியே அந்த மாதிரி சிக்னல் காட்டும், அலைதான்னு சொல்ல ஆதாரம் பத்தாதுன்னு ஆயிடுச்சு. இந்தக் கதையை உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. அதைக் கேட்டு "அய்யோ"ன்னு சோர்ந்து போறாளா, இல்ல "தூசியை எப்படிப் பிரிச்சாங்க"ன்னு கேக்கறாளான்னு பாருங்க. ரெண்டாவது கேள்வி கேட்டா எனக்கு அவமேல நம்பிக்கை வந்துடும், யூடியூப் ஆர்வம் வேற இந்த ஆர்வம் வேற.

இன்னொண்ணு, இது வெறும் கரும்பலகை சமாச்சாரம் இல்ல சார். லேசர், வெற்றிடக் குழாய், 40 கிலோ கண்ணாடியைத் துளி ஆடாம தொங்கவிடறது, இரைச்சலுக்குள்ள இருந்து சிக்னலைப் பிரிச்சு எடுக்கற கோடிங், பாதிக்கு மேல இன்ஜினியரிங் வேலைதான். மகாராஷ்டிரா ஹிங்கோலி மாவட்டத்துல லைகோ இந்தியா வருது, 2023 ஏப்ரல்ல மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடிக்கு ஒப்புதல் குடுத்தாச்சு. அங்க இயற்பியல் ஆளு மட்டும் வச்சு ஒண்ணும் ஓட்ட முடியாது. அதனால சிஎஸ்இ-யா இயற்பியலான்னு வீட்ல சண்டை போடவே வேண்டாம், பி.இ. முடிச்சவங்களையும் பிஎச்டிக்கு எடுக்கற இடங்க இருக்கு.

நேர் வழின்னா ஐசர்ங்கற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்க, அதுக்கு ஐஏடிங்கற நுழைவுத்தேர்வு எழுதணும். 60 கேள்வி, அதுல 15 உயிரியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் புள்ளைங்க அடி வாங்கறது அங்கதான், நெகட்டிவ் மார்க் வேற. பக்கத்துல வேணும்னா சிறுசேரில சென்னை மேத்தமெட்டிக்கல் இன்ஸ்டிடியூட், அங்க கணிதம் இயற்பியல் சேர்த்து டிகிரி இருக்கு, லைகோ கூட்டமைப்புலயும் இருக்காங்க, ஆனா நுழைவுத்தேர்வு கணக்கு ரொம்ப டஃப். சாதாரண காலேஜ்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சுட்டு ஜாம்ங்கற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடில எம்.எஸ்சி. போறதும் மட்டமான வழி இல்ல.

இப்போ காசு. அஞ்சு வருஷ படிப்பு, அப்புறம் அஞ்சாறு வருஷம் பிஎச்டி, அதுக்கப்புறம் போஸ்ட்டாக்னு தற்காலிக ஆராய்ச்சி வேலைக்கு வெளிநாடெல்லாம் சுத்தணும், நிரந்தர வேலை முப்பதைத் தாண்டித்தான். பிஎச்டில ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, பட்டினி இல்ல ஆனா வீட்டுக்கு அனுப்பற அளவுக்கும் இல்ல. உங்களுக்கு வீட்டுக் கடன் இருந்து, அவ சம்பளத்தை நம்பித்தான் தம்பி படிப்புன்னா அதை இப்பவே வெளிப்படையா அவகிட்ட சொல்லிடுங்க, ப்ளீஸ். நடுவுல விலகுனாலும் அந்த டேட்டா அனாலிசிஸ் கைப்பழக்கத்துக்கு ஐடி பக்கம் மதிப்பு உண்டு.

பரீட்சை முடிஞ்ச லீவுல ஒரு வேலை குடுங்க. லைகோ டேட்டாவை எல்லாருக்கும் இலவசமா நெட்ல வச்சிருக்காங்க, கூடவே பைத்தான் பாடமும் இருக்கு. 2015 சிக்னலை அவளே பிரிச்சு எடுக்கட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க. டிஎன்இஏ, அதான் தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங், அந்த அப்ளிகேஷனும் போட்டு வைங்க, ஐஏடியும் எழுதட்டும், ரிசல்ட் வந்ததும் ரெண்டு ரேங்கையும் எனக்கு அனுப்புங்க, பேசலாம்.