பாறையில் குடியிருக்கும் மைனா: வாசகர் கேள்விகள்

சவுதியில் தாயிஃப் மலைப்பாதையில் ஒரு கருப்புப் பறவை பார்த்தேன். பறந்ததும் இறக்கையில் செம்மஞ்சள் நிறம். நம்மூர்ச் செண்பகமா?
– கடையநல்லூர் வாசகர்

செண்பகம் இல்லை. அதற்கு இறக்கை முழுவதுமே செம்பழுப்பு, உட்கார்ந்திருந்தாலும் தெரியும். கண்ணும் ரத்தச் சிவப்பு. நீங்கள் பார்த்தது டிரிஸ்ட்ராம் மைனா. இதற்கு வெளிச்சிறகுகளில் மட்டும்தான் அந்த நிறம். இறக்கையை மடக்கினால் ஓரத்தில் லேசாகத் தெரியும், அவ்வளவுதான். அதனால் பறக்கும்போது கலங்கலாக விழுந்த படம் இருந்தாலும் அழித்துவிடாதீர்கள். அடையாளம் காண அதுதான் உதவும். சாக்கடல் கரையிலிருந்து சவுதியின் மேற்கு மலைகள், ஏமன், ஓமனின் சலாலா வரை இந்தப் பறவை உண்டு.

கூடவே சாம்பல் தலையோடு ஒன்று இருந்ததே, வேறு இனமா?

அது பெட்டை. ஆண் முழுக் கருப்பு, வெயில் பட்டால் ஊதா மினுக்கும். இளம் பறவைகளுக்குத் தாயின் சாயல்தான்.

மரமே இல்லாத மலையில் எங்கே கூடு கட்டும்?
– மேலப்பாளையம் வாசகி

பாறை வெடிப்பில். மைனா குடும்பத்தில் பெரும்பாலானவை பொந்தில் முட்டையிடுகிறவை. நம் வீட்டு ஓட்டு இடுக்கில் மைனா வைக்கோலைத் திணிப்பதும் அதே புத்திதான். மரப்பொந்து கிடைக்காத ஊரில் செங்குத்துப் பாறையே வசதி; நரி ஏறி வராது. முட்டை வெளிர்நீலம், பழுப்புப் புள்ளிகளோடு. இரைக்குத்தான் கீழே இறங்கும். பழம், பூச்சி எதையும் விடாது. ஒட்டகத்தின் மேலும் மலையாட்டின் மேலும் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும். சுற்றுலா இடங்களில் கைக்கெட்டும் தூரம் வரை வரும். அதற்காகச் சிப்ஸ் போட்டுப் பழக்காதீர்கள்.

குற்றாலத்துப் பாறையில் மனுஷன் மாதிரி விசிலடிக்கும் கருநீலப் பறவையும் இந்த வகையா?

இல்லை, அது சீகாரப் பூங்குருவி. நெற்றியிலும் தோளிலும் பளீர் நீலம் இருக்கும். டிரிஸ்ட்ராம் மைனாவும் நன்றாக விசிலடிக்கும், குழப்பம் அதனால்தான்.

கூந்தன்குளம் பக்கம் கூட்டமாக வரும் ரோஸ் மைனா இங்கே எந்த மலையில் குஞ்சு பொரிக்கிறது?
– நாங்குநேரி வாசகர்

சூறைக்குருவியைச் சொல்கிறீர்கள். இங்கே குளிர்கால விருந்தாளி மட்டும். குஞ்சு பொரிப்பது கஜகஸ்தான் போன்ற மத்திய ஆசிய நாடுகளில், கற்குவியல்களிலும் பாறை இடுக்குகளிலும், பெருங்கூட்டமாக. சீனாவின் சின்ஜியாங்கில் வெட்டுக்கிளியை ஒழிக்க இவற்றுக்குக் கல்லடுக்கிக் கூடே அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே அப்படி மரியாதை. இங்கே சோளத்தில் விழுந்தால் சம்சாரி தகரம் தட்டுவார். அப்புறம், கூட்டத்தில் ரோஸ் இல்லாமல் மங்கிய பழுப்பில், மஞ்சள் அலகோடு தெரிபவை வேறு இனமல்ல, அந்த வருஷத்துக் குஞ்சுகள்.