பழைய காரின் துருவைச் சுரண்டியதும் அப்படியே பட்டி பூசி பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம், பார்க்கவும் நன்றாகவே இருக்கும், ஆனால் துருவின் மேல் நேரடியாகப் பூசிய பட்டி ஈரத்தை உறிஞ்சி, பெயிண்டோடு சேர்ந்து கொப்புளமாக எழும்பிவிடும். பழைய கார்களுக்கு பாடி வேலை பார்க்கிறவன் என்ற முறையில், தகட்டிலேயே பெரும்பகுதி நேரத்தைச் செலவிடச் சொல்வேன்.

முதலில் சேதத்தின் எல்லையை அறிய வேண்டும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை காரின் உடல் முழுவதும் நகர்த்தினால், எங்கே பிடிப்புக் குறைகிறதோ அங்கே முன்பு யாரோ தடிமனாகப் பட்டி பூசியிருக்கலாம். வெளியே சிறு கொப்புளமாகத் தெரிவது பெரும்பாலும் உள்ளிருந்து அரித்து வந்த துருவாகவே இருக்கும். அதைச் சுரண்டுவதில் பயனில்லை. உறுதியான தகடு வரும் வரை வெட்டியெடுத்து, அதே தடிமனுள்ள புதுத் தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். அப்போது ஒரே கோடாக இழுத்துச் செல்லாமல், ஒன்றுக்கொன்று தள்ளிச் சிறு புள்ளிகளாக வைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பிறகே அடுத்ததைத் தொட்டால் தகடு நெளியாது. கதவின் கீழ் நீளமாக ஓடும் பகுதியை வெட்டுவதானால், உடலுக்குள் குறுக்குச் சட்டம் கொடுத்து, கதவைப் பொருத்தி இடைவெளியைச் சரிபார்த்த பிறகே பற்றவையுங்கள்.

மேலோட்டமான துருவுக்குக் கம்பி பிரஷும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலும் போதும். அந்த அமிலத்தின் மிச்சம் தகட்டில் தங்கினால், அடுத்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர் (ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) பிடிக்காது. ஆகவே, தயாரிப்பாளர் சொன்னபடி கழுவி, உடனே உலர்த்துவது அவசியம். மணல் பீய்ச்சுவது அடிச்சட்டத்துக்கு ஏற்றது. பானெட், கூரை போன்ற அகலமான மெல்லிய தகடுகளில் அதைப் பயன்படுத்தினால் அவை வளைந்துவிடும்.

சுத்தமான தகட்டை 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, தாமதிக்காமல் எபாக்ஸி அடியுங்கள். தகட்டின் மீதே பட்டி பூசுவோரும் உண்டு. எனக்கு எபாக்ஸிக்கு மேல் பூசுவதே பிடிக்கும், ஏனெனில் அப்போது ஈரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு தடை இருக்கிறது. பட்டி சுமார் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவும் கூடாது.

பிறகு சிறு மேடுபள்ளங்களை நிரப்பும் கனமான சர்ஃபேசர் பிரைமரை அடித்து, அதன் மேல் வேறு நிறத்தை மெலிதாகத் தூவி, நீளமான கட்டையால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால், நிறம் அழியாமல் மிஞ்சும் இடங்கள் பள்ளங்கள் என்று தெரியும். வெறும் விரலால் தேய்த்தால் வரிப்பள்ளம் விழும். 320இல் தொடங்கி 600 எண் தாளில் முடிப்பேன்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதன் தூளைச் சுவாசிக்காதீர்கள்; ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த பெயிண்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் வேதிப்பொருள் இருக்கும், அதற்குத் துணி முகக்கவசம் எவ்விதத்திலும் போதாது. பெயிண்ட் காய்ந்த பிறகு கதவுகளின் உட்குழிவில் மெழுகு பீய்ச்சும்போது, அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடவில்லையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.