"அம்மா, அங்க மெதுவாப் பேசு"

கேள்வி: நாங்கள் வெளிநாட்டுக்கு வந்து 9 வருடம் ஆகிறது. 5 வயதில் வந்த மகளுக்கு இப்போது 14. தாய்மொழியில் கேட்டால் பள்ளிக்கூட மொழியில்தான் பதில் சொல்கிறாள். பெயரைக்கூடச் சுருக்கிக்கொண்டாள். போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, "அம்மா, அங்க மெதுவாப் பேசு" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வீட்டுக்குள் இனி வேறு மொழி பேசக் கூடாது என்று கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். பெண் எங்கள் கையைவிட்டுப் போகிறாளா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

பெற்ற பிள்ளை அப்படிச் சொன்னால் நெஞ்சில் தைக்கத்தான் செய்யும். ஆனாலும் அவளுக்கு உங்கள்மேல் வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்த ஊரிலேயே வளர்கிற பிள்ளைகளும் 14 வயதில் பெற்றோரோடு சேர்ந்து நடக்கக் கூச்சப்படுவார்கள். உங்கள் மகளுக்கு அதோடு இன்னொரு பாரமும் இருக்கிறது.

வகுப்புக்குப் புது ஆசிரியர் வந்து வருகைப் பதிவேட்டை வாசிக்கிறார் என்று வையுங்கள். பெயர்கள் கடகடவென்று போகின்றன. ஓரிடத்தில் மட்டும் குரல் நிற்கிறது. ஆசிரியர் தாளைக் கண்ணருகே கொண்டுபோகிறார். அவர் வாய் திறப்பதற்குள் ஒரு பெண் கையைத் தூக்கி "நான்தான்" என்று சொல்லிவிடுகிறாள். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு புது ஆசிரியரிடமும் இதே கதை. அந்த ஒரு நொடி மௌனத்திலிருந்து தப்பிக்கத்தான் பல பிள்ளைகள் பெயரைச் சுருக்கிக்கொள்கிறார்கள்.

'நான் யார்' என்று தேடுவதுதான் பதின்பருவத்தின் பெரிய வேலை என்று எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்சன், அந்தத் தவிப்பைச் சொந்த வாழ்க்கையிலேயே பட்டவர். 1902-ல் ஜெர்மனியில், டென்மார்க்கைச் சேர்ந்த யூதத் தாய்க்குப் பிறந்தவர். பொன்னிற முடி, நீலக் கண். யூதப் பிள்ளைகள் தோற்றத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் யூதன் என்று கேலி செய்தார்கள். பிற்பாடு அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபோது அவரும் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டார்.

இப்போது உங்கள் கணவர் போட்ட சட்டத்துக்கு வருகிறேன். அவர் பயம் எனக்குப் புரிகிறது; ஆனால் வழி தப்பு. 13 நாடுகளில், குடியேறிய குடும்பங்களின் 5,000-க்கும் மேற்பட்ட பதின்வயதுப் பிள்ளைகளிடம் ஜான் பெர்ரியும் ஜீன் ஃபின்னியும் மற்ற ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. வீட்டுப் பண்பாட்டையும் வாழ்கிற நாட்டின் பண்பாட்டையும் சேர்த்தே வைத்துக்கொண்ட பிள்ளைகள்தான் மனநலத்திலும் பள்ளி வாழ்க்கையிலும் நன்றாக இருந்தார்கள். எதிலும் ஒட்டாமல் நின்றவர்கள்தான் ரொம்பச் சிரமப்பட்டார்கள். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று வீட்டிலேயே சொல்லிவிட்டால் அவள் எங்கே போவாள்?

நீங்கள் தாய்மொழியிலேயே பேசுங்கள், நிறுத்தவே வேண்டாம். அவள் எந்த மொழியில் பதில் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் நடந்த ஒரு வருத்தத்தைச் சொல்ல அவள் வாய் திறக்கும்போது "நம்ம மொழியில சொல்லு" என்று குறுக்கிட்டால், மொழியும் வராது, விஷயமும் வராது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், டாக்டர் சொல்வது, இதையெல்லாம் உங்களுக்கு யார் மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள்? அவள்தான் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். சின்ன உதவி செய்வதில் பிள்ளைக்குப் பெருமைதான். ஆனால் அம்மாவின் ஸ்கேன் முடிவை டாக்டரிடம் கேட்டு, அதை அம்மாவின் முகத்தைப் பார்த்து அவளே சொல்வது எவ்வளவு பெரிய சுமை! கடன் பாக்கி, வேலை போகும் பயம் எல்லாம் பெற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரிகிறது. வெளியே அவள் பேச்சை நம்பி நிற்கிறோம்; வீட்டுக்கு வந்ததும் "நீ சின்னப் பிள்ளை, சும்மா இரு" என்கிறோம். அப்புறம் கோபம் வராமல் இருக்குமா? மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பல நாடுகளில் இலவசமாகவே ஏற்பாடு செய்கிறார்கள். முடியாவிட்டால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு கெட்டு, வீட்டாரோடும் சேராமல் நண்பர்களோடும் சேராமல் ஒதுங்கினால், பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். செத்துப்போகலாம் என்ற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே போங்கள்.

சரி, இன்று ராத்திரி அவள் கதவைத் தட்டுங்கள். சுருக்கிய பெயர் வெளியில் இருக்கட்டும். வீட்டில் முழுப் பெயரால் கூப்பிடலாமா என்று அவளிடமே கேளுங்கள். அந்தப் பெயரை யார் தேர்ந்தெடுத்தது, எதற்காக என்ற கதையை இதுவரை சொல்லியிருக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள்.