சான் ஜிமினியானோ: கோபுர ஊர் பற்றி நீங்கள் கேட்டவை

கே: படத்தில் ஊர் முழுக்கக் கோபுரமாக இருக்கிறதே, எல்லாம் கோயிலா சார்?

ப: கோயில் இல்லை, பணக்காரர்களின் வீம்பு! வடக்கிலிருந்து ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதை, இத்தாலியின் டஸ்கனியில் உள்ள இந்தக் குன்றின் வழியாகத்தான் போனது. வழிப்போக்கர்களாலும் குங்குமப்பூ வியாபாரத்தாலும் காசு சேர்ந்தது. அப்புறம் யார் பெரியவர் என்ற போட்டி. போப் பக்கம் நின்ற அர்திங்கெல்லி குடும்பத்துக்கும் புனித ரோமப் பேரரசர் பக்கம் நின்ற சால்வுச்சி குடும்பத்துக்கும் தீராத பகை. ஒருவர் கட்டினால் அடுத்தவர் அதைவிட உயரமாகக் கட்டுவார். 1255-ல் உயரத்துக்கு வரம்பு கட்டிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தன என்பார்கள். இப்போது நிற்பது சுமார் 14.

கே: ஃபிளாரன்ஸிலும் இப்படிக் கோபுரங்கள் இருந்தனவாமே. அங்கே அழிந்துபோனவை இங்கே எப்படித் தப்பின?

ப: வறுமைதான் காப்பாற்றியது. 1348-ல் கொள்ளைநோய் வந்து ஊரைக் காலி செய்தது. 1353-ல் ஊர் ஃபிளாரன்ஸுக்கு அடங்கிப்போனது. யாத்திரைப் பாதையும் கீழே பள்ளத்தாக்குப் பக்கம் நகர்ந்துவிட்டது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணமில்லை. வளமாக இருந்த ஊர்களோ மாற்றிக் கட்டிக்கொண்டே போயின. 1990-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கே: அரை நாள்தான் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

ப: முதலில் 54 மீட்டர் உயர டோரே குரோஸா கோபுரத்தின் மீது ஏறிவிடுங்கள். அதை ஒட்டிய நகர மன்றத்துக்குத்தான் 1300-ல் கவிஞர் தாந்தே ஃபிளாரன்ஸின் தூதராக வந்தார். பிறகு கிணற்றுச் சதுக்கம். பெயர்தான் சதுக்கம், உருவம் முக்கோணம். கடைசியாகப் பெரிய தேவாலயம். சுவர் முழுக்க பைபிள் கதைகள். நரகக் காட்சியைக் குழந்தைகளுக்குக் காட்டுவதற்குமுன் யோசியுங்கள். அங்கேயே ஃபினா என்ற சிறுமிக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. வாதநோயால் பலகையிலேயே கிடந்து 1253-ல் இறந்தவள். அவள் படுத்திருந்த பலகையில் வயலட் பூக்கள் பூத்ததாகக் கதை. அங்குள்ள ஓவியங்கள் கிர்லாண்டாயோ வரைந்தவை. என் பார்வையில் கோபுரங்களைவிட இவைதான் அழகு.

கே: ரயில் போகுமா அண்ணா?

ப: போகாது. போஜிபோன்சியில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள்.